மச்சான் பேச்சை விடுங்கள், ஐ-94 தேதியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். அல்சூரில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறோம். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இளைய மகன் 2021-இல் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனான். படிப்பு முடிந்து ஓபிடி என்ற பயிற்சி வேலை அனுமதி, 2024 அக்டோபரிலிருந்து கம்பெனி மூலம் எச்-1பி வேலை அனுமதி. 2025 பிப்ரவரியில் அக்கா கல்யாணத்துக்கு வந்தவன், சென்னையில் விசா குத்திக்கொண்டு திரும்பினான். ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு கம்பெனி நிறுத்திவிட்டது. அறுபது நாளைக்குள் வேறு வேலை அமையவில்லை. டெக்சாஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு நியூஜெர்சியில் நண்பன் வீட்டில் இருக்கிறான். கைச்செலவுக்காக ஒரு ஓட்டலில் கூடமாட வேலை செய்கிறான். எச்-1பி காகிதத்தில் 2027 செப்டம்பர் வரை என்று போட்டிருக்கிறது. பாஸ்போர்ட் 2026 மே 11-இல் முடிகிறது. இங்கே ஒரு ஏஜென்ட், அடைக்கலம் கேட்டு மனுப் போட்டால் வேலை பெர்மிட்டே கிடைத்துவிடும் என்கிறார். போன வாரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் நாலு பேர் முன்னால் என் மச்சான், "உங்க பிள்ளை இப்போ கள்ளக்குடியேறிதானே, விலங்கு போட்டுத்தான் அனுப்புவான்" என்றார். என் மகன் குற்றவாளியா? அவன் இப்போது என்ன செய்ய வேண்டும்? பிறகு அந்த நாட்டுக்குப் போகவே முடியாதா?
ஓய்வுபெற்ற தந்தை, பெங்களூரு

பதில்: ஐயா, மகனிடம் மூன்று படங்களை இன்றிரவே அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஒன்று. எச்-1பி அனுமதிக் கடிதமான ஐ-797ஏ இரண்டாவது. கல்யாணம் முடிந்து திரும்பி இறங்கியபோது பதிவான ஐ-94 மூன்றாவது. இந்த மூன்றாவது கையில் காகிதமாக இருக்காது. அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் திரையில் வரும். உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அந்தத் திரையில் இருக்கும் ஒரே ஒரு தேதிதான்.

விசா என்பது வாசலில் காட்டும் சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது ஐ-94. நீங்கள் சொல்லும் 2027 செப்டம்பர், ஐ-797ஏ கடிதத்தின் அடியில் இருக்கும் ஐ-94 துண்டில் உள்ள தேதியாக இருக்க வேண்டும். தம்பி அதற்குப் பிறகு ஊருக்கு வந்து திரும்பியிருக்கிறார். நாட்டை விட்டுப் போய் மறுபடி நுழைந்தால், கடைசி நுழைவில் கொடுத்த ஐ-94தான் செல்லும். விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி அனுமதி கொடுப்பதில்லை. ஆகவே அந்தத் திரையில் பெரும்பாலும் 2026 மே 11 என்றுதான் இருக்கும். நம் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. கடிதத்தில் 2027 என்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் தேதியும் தானாக நீளும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். நீளாது.

இனி இரண்டு கடிகாரங்கள். முதலாவது தங்கும் தகுதி, எல்லாரும் 'ஸ்டேட்டஸ்' என்பது. வேலை போன எச்-1பிக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. கடைசிச் சம்பள நாளுக்கு மறுநாளிலிருந்து, சனி ஞாயிறு சேர்த்து எண்ண வேண்டும். தம்பிக்கு அது அக்டோபர் 28-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதற்குள் புதுக் கம்பெனி மனுப் போட்டிருக்கலாம், இவரே சுற்றுலாத் தகுதிக்கு மாற்றம் கேட்டிருக்கலாம், அல்லது கிளம்பியிருக்கலாம். மூன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து அவர் 'அவுட் ஆஃப் ஸ்டேட்டஸ்', அதாவது தகுதி இழந்து தங்கியிருப்பவர். அவரை வெளியேற்ற வழக்குப் போட அரசுக்கு உரிமை உண்டு. இதைப் பூசி மெழுகிப் பயனில்லை.

இரண்டாவது கடிகாரம் 'அன்லாஃபுல் பிரசன்ஸ்'. எதிர்காலத்தைத் தின்பது இதுதான். 180 நாளைத் தாண்டி, ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் மூன்று வருடம் உள்ளே நுழையத் தடை. ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். தம்பி விஷயத்தில் இந்தக் கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஐ-94-இல் தேதி போட்டு அனுமதிக்கப்பட்டவருக்கு அந்தத் தேதி தாண்டிய பிறகே இது ஓடும். அதற்கு முன்பே ஓட வேண்டுமானால், ஏதாவது ஒரு மனுவைப் பரிசீலிக்கும்போது குடியேற்றத் துறை 'இவர் தகுதியை மீறியவர்' என்று முடிவெழுதியிருக்க வேண்டும், அல்லது குடியேற்ற நீதிபதி வெளியேற்ற உத்தரவு போட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன்: இப்போது போய், காலங்கடந்து, சுற்றுலாத் தகுதிக்கு மனுப் போட வேண்டாம். தாமதத்தை மன்னிக்க அசாதாரணக் காரணம் காட்ட வேண்டும். வேலை கிடைக்கவில்லை என்பது எல்லாருக்கும் இருக்கும் காரணம். மனு தள்ளுபடியானால் அந்தத் தள்ளுபடிக் கடிதமே கடிகாரத்தை மே மாதத்துக்கு முன்பே முடுக்கிவிடும். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதிக் கொள்கைக் குறிப்புக்குப் பிறகு, தள்ளுபடியோடு நீதிமன்றச் சம்மனும் சேர்ந்து வரும் நிலைமை வேறு.

குற்றவாளியா என்று கேட்டீர்கள். இந்தியச் சட்டம் நம் மனதில் பதிந்திருப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. இங்கே, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, விசா காலம் முடிந்தும் தங்கும் வெளிநாட்டவருக்கு மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே மீறல் அமெரிக்காவில் உரிமையியல் விவகாரம். விளைவு வெளியேற்றம், சிறைத்தண்டனை இல்லை. வெளியேற்றத்துக்கு உரிய ஒருவர் நாட்டில் இருப்பது மட்டுமே பொதுவாகக் குற்றம் ஆகாது என்று அரிசோனா மாநில வழக்கில் 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எல்லையில் சோதனைச் சாவடிக்குப் போகாமல் நுழைவது வேறு: அது அங்கேயும் குற்றம், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. தம்பி முத்திரை வாங்கி நுழைந்தவர்.

இப்போது மச்சான் சொன்ன சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தச் சொற்சண்டை பழையது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013-இல் மனிதரைக் குறிக்க 'இல்லீகல் இமிக்ரன்ட்' என்று எழுதுவதை நிறுத்தியது. செயல் சட்டவிரோதமாக இருக்கலாம், ஆள் எப்படிச் சட்டவிரோதம் ஆவார் என்பது அவர்கள் வாதம். 2021-இல் அரசுத் துறைகளே 'ஏலியன்' என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்லி உத்தரவு போட்டன. 2025-இல் அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் அது எப்போதும் 'ஏலியன்'தான். வரிசையில் நின்று போனவரையும் வேலி தாண்டியவரையும் ஒரே மென்மையான சொல்லால் அழைத்தால் உண்மை மறைந்துபோகும் என்று எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு இரண்டு தரப்புச் சொல்லும் பொருந்தவில்லை, அதுதான் வேடிக்கை. 'கள்ளக்குடியேறி' பொய், ஏனென்றால் அவர் கள்ளமாக நுழையவில்லை, குடியேறவும் இல்லை. 'ஆவணமற்றவர்' என்ற நாகரிகமான சொல்லும் பொய். அவரிடம் இருப்பதெல்லாம் ஆவணம்தான், ஒரு ஃபைல் நிறைய.

தமிழில் நமக்கென்று தனியாக ஒரு குழப்பமும் உண்டு. வங்கிக் கடனைக் கட்டாமல் ஓடியவரை வெளிநாட்டிலிருந்து பிடித்துவந்தாலும் 'நாடு கடத்தல்', விசா முடிந்த மாணவரைத் திருப்பி அனுப்பினாலும் 'நாடு கடத்தல்'. தங்கத்தையும் ஆளையும் 'கடத்தும்' அதே வினை. அமெரிக்கச் சட்டத்திலோ 1997 ஏப்ரல் முதல் 'டிபோர்ட்டேஷன்' என்ற தனி நடைமுறையே கிடையாது. எல்லாம் 'ரிமூவல்', வெளியேற்றம். அதற்குப் பக்கத்திலேயே 'வாலன்டரி டிபார்ச்சர்', தன்விருப்பப் புறப்பாடு என்று வேறொன்று இருக்கிறது. செய்தித்தாள் இவை எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டுவிடும். விண்ணப்பப் படிவம் அப்படிச் செய்யாது. இலங்கை மலையகத் தமிழரைப் பல தலைமுறைக்கு 'கள்ளத்தோணி' என்று அழைத்த கதை உங்கள் மச்சானுக்குத் தெரியாமல் இருக்காது. தோணியே ஏறாமல் அங்கேயே பிறந்தவர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

விலங்கு பற்றி. 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அமிர்தசரஸில் இறங்கிய ராணுவ விமானத்தில் 104 பேர் இருந்தார்கள். கையிலும் காலிலும் பூட்டு இருந்தது உண்மை. அவர்களில் பெரும்பாலோர் 'டன்கி' எனப்படும் திருட்டு வழியில், ஏஜென்டுகளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, மெக்சிகோ எல்லை தாண்டியவர்கள். நீதிபதியைப் பார்க்காமலே விரைவாக வெளியேற்றும் முறை, அனுமதி பெறாமல் நுழைந்தவர்களுக்கானது. முறையாக நுழைந்த தம்பியைப் பிடித்தால் நீதிபதி முன் நிறுத்தும் சம்மன் கொடுக்க வேண்டும். ஆனால் காவலில் எடுத்தால் முறையாக நுழைந்தவருக்கும் விலங்கு மாட்டலாம். அந்தக் காட்சியைத் தவிர்க்கும் வழி எளிது: அவர்கள் வருவதற்குள் இவர் தானே டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.

ஏஜென்ட் சொன்ன அடைக்கல யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடைக்கலம் என்பது இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்து காரணங்களில் ஒன்றால் சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சுகிறவருக்கானது. அல்சூரில் அப்பா அம்மா இருக்க, போன வருடம் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய பையன் எதற்கு அஞ்சுகிறார்? மனுவின் முதல் பக்கத்திலேயே பயண விவரம் கேட்பார்கள். வந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவுக்குக்கூட விலக்கு வாதாடலாம். இல்லாத அச்சத்தை எப்படி வாதாடுவது? ஏஜென்ட் எங்கோ இருந்து வாங்கிய கதையை எழுதிக் கொடுப்பார், ஊர் பேர் மாற்றி. தெரிந்தே புனைந்த மனு என்று நீதிபதி முடிவு செய்தால் தண்டனை மூன்று வருடமோ பத்து வருடமோ இல்லை. எந்தக் குடியேற்றச் சலுகைக்கும் ஆயுள் முழுக்கத் தகுதியில்லை. பெர்மிட் கிடைக்கும் என்பது பாதி உண்மை. மனுப் போட்டு 180 நாள் காத்திருந்த பிறகே அது. அதற்குள் ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார், மனுவில் கையெழுத்து மட்டும் உங்கள் பிள்ளையுடையதாக இருக்கும்.

ஓட்டல் வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அனுமதியில்லாத வேலை தனி மீறல். அதைவிட ஆபத்தானது, சேரும்போது நிரப்பச் சொல்லும் ஐ-9 படிவம். அதில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு டிக், பொய்யான குடியுரிமைக் கோரிக்கை, நிரந்தரத் தடை. ஏற்கெனவே அப்படி ஏதாவது கையெழுத்துப் போட்டாரா என்று நேரடியாகக் கேளுங்கள். போட்டிருந்தால் என் மற்ற யோசனைகளுக்கு முன்னால் அங்கேயே ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும்.

என் யோசனை: ஐ-94 தேதிக்கு முன்பே, மே மாதம் வரை காத்திராமல், பெங்களூருக்குத் திரும்பட்டும். கணக்குப் பார்த்தால் மே 12-இலிருந்து 180 நாள் நவம்பர் 7 வரை வரும், அதுவரை இருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஐ-94 தேதியை ஒரு நாள் தாண்டினாலும் பாஸ்போர்ட்டில் உள்ள விசா செல்லாததாகிவிடும். அந்த விசா உயிரோடு இருப்பதற்கு இப்போது பணமதிப்பே உண்டு. எச்-1பி ஆறு வருட வரம்பில் தம்பி சிறு பகுதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். மீதிக் காலத்துக்குப் புதுக் கம்பெனி, எச்-1பிக்கு ஆள் எடுக்கும் லாட்டரி குலுக்கல் இல்லாமலே மனுப் போடலாம். ஆனால் 2025 செப்டம்பர் 21-க்குப் பிறகு போடும் புது மனுக்களில், வெளிநாட்டில் இருப்பவரிடம் செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லையென்றால், ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் ஆணை வந்தது. விசா செத்துப்போன ஆளுக்கு எந்தக் கம்பெனி அந்தத் தொகையைக் கட்டும்?

கிளம்புமுன் பழைய கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல். எச்-1பி காலம் முடியும் முன்பே வேலையை விட்டு நீக்கினால், சொந்த நாட்டுக்குத் திரும்பும் நியாயமான பயணச் செலவை அந்தக் கம்பெனி ஏற்க வேண்டும் என்பது விதி. பல பேர் கேட்பதே இல்லை. கேட்டால் சில கம்பெனிகள் டிக்கெட்டே எடுத்துக் கொடுத்துவிடும். ஊர் திரும்பினால் ஆயிரம் டாலர் தருவதாக 2025 மே மாதம் அரசு அறிவித்த செயலி வழித் திட்டத்துக்குள் தம்பி போகத் தேவையில்லை. கையில் பாஸ்போர்ட்டும், வழக்கில்லாத பதிவும் இருக்கும்போது, தன்னைத்தானே இன்னொரு பட்டியலில் எழுதிக்கொள்வானேன்?

வழக்கில்லை என்றேன். அதை உறுதி செய்ய வேண்டும். டெக்சாஸிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவர் ஏஆர்-11 படிவம் நிரப்பினாரா? முகவரி மாறிய பத்து நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. பதியாவிட்டால் சம்மன் பழைய வீட்டுப் பெட்டியில் விழும், விசாரணை நாள் போய்விடும், இவர் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு வரும், அதற்குப் பத்து வருடத் தடை. இன்றே பதியச் சொல்லுங்கள். டெக்சாஸ் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்களிடம் தபால் பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்கள். சம்மன் வந்திருந்தால் வக்கீல் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொல்லாமல் கிளம்புவதும் அதே உத்தரவில்தான் முடியும்; நீதிபதியிடம் தன்விருப்பப் புறப்பாடு கேட்டால் 120 நாள் வரை அவகாசம் வாங்கலாம், உத்தரவும் பதிவாகாது.

அதற்குள் 'ஐஸ்' எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை அதிகாரிகள் பிடித்துவிட்டால்? 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஐ-94 அச்சுப்பிரதி அதற்குப் போதும். முறையாக நுழைந்தவர் என்பதற்கும் அதுவே சாட்சி. விசாரணை உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்தக் காகிதத்திலும் வக்கீல் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி அவரே வாய் திறந்து கேட்க வேண்டும். நியூஜெர்சிக்கு நியூயார்க் தூதரகம். ஜாமீன் கிடைத்தால் சட்டப்படி குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர்.

இங்கே உங்களுக்கு ஒரு வேலை. காவலில் இருப்பவரைத் தேடும் ஐஸ் தளத்தில் 'ஏ' என்று தொடங்கும் எண்ணும் பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம், அல்லது பெயர் கொடுத்துத் தேடலாம். எண் இன்னும் உங்களுக்குத் தெரியாது, பெயரில்தான் தேடுவீர்கள். நம் பெயர்கள் அங்கே மாட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் பையனின் சொந்தப் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்றெழுத்து நிற்கும். முதல் பெயர் தெரியாது என்று அதற்குப் பொருள். அப்பா பெயரைச் சேர்த்திருந்தால் அவர்கள் கணக்கில் உங்கள் பெயரே அவருக்குக் குடும்பப்பெயர். ஓரெழுத்து பிசகினாலும் தளம் 'ஆள் இல்லை' என்று சொல்லிவிடும். விசாப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் எண்ணோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் விமானத்தின் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட வேண்டாம். சில நாள் கழித்து அதே ஐ-94 தளத்தில் பயண வரலாறு என்ற பகுதியைப் பார்க்கட்டும். புறப்பாடு பதிவாகியிருந்தால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். பதிவாகவில்லை என்றால் அந்தப் போர்டிங் பாஸும், பெங்களூரு விமான நிலைய வருகை முத்திரையும்தான் அத்தாட்சி.

மறுபடி போக முடியுமா என்றால், தடை எதுவும் இல்லாமல் விண்ணப்பிக்க முடியும். கொடுப்பதும் மறுப்பதும் தூதரக அதிகாரி கையில். அப்போது நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக வரும். ஒன்று, அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினீர்களா அல்லது விசா நிபந்தனையை ஏதாவது வகையில் மீறினீர்களா என்பது. இன்னொன்று, எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டீர்களா என்பது. தம்பி நான் சொன்னபடி வந்துவிட்டால் முதல் கேள்விக்கு 'ஆம்'. கீழே உள்ள கட்டத்தில், வேலை போன தேதி, அக்டோபர் 28, ஐ-94 தேதி, கிளம்பிய தேதி, ஓட்டல் வேலை எல்லாம் நாலு வரியில். இதை மறைத்து 'இல்லை' என்று போட்டால் அது மோசடி, வாழ்நாள் தடை. இரண்டாவது கேள்விக்கு, தயங்காமல், 'இல்லை'.